விமானத்தில் போடும் பெட்டியைப் பூட்டலாமா? கடலூர், புதுச்சேரிப் பயணிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தம்பி முதல்முறை ஷார்ஜாவுக்கு வேலைக்குக் கிளம்பியபோது, வழக்கம்போல வீடே வேன் ஏறி மீனம்பாக்கம் போனது. திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் வாங்கிய கனமான பித்தளைப் பூட்டை அப்பா தன் கையாலேயே பெட்டியில் போட்டார். வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது, மதுராந்தகம் ஏரியைத் தாண்டிய நேரத்தில் தம்பியின் போன் வந்தது. "பெட்டிக்குள்ள பவர் பேங்க் இருக்காம். திறந்து எடுத்தாதான் ஏத்துவாங்களாம். சாவி எங்கப்பா?" சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது.

திரும்பிப் போய்க் கொடுக்க நேரமில்லை. அங்கிருந்த ஊழியர் கட்டிங் பிளேயரால் பூட்டை உடைத்தார். பவர் பேங்க் வெளியே வந்தது, பெட்டி பூட்டில்லாமலே போனது. ஷார்ஜாவில் பெல்ட்டிலிருந்து எடுத்தபோது ஜிப் ஒரு சாண் திறந்து கிடந்தது. நண்பனுக்குப் பரிசாக வாங்கிய கைக்கடிகாரத்தைக் காணோம். எந்த ஊரில் போனது, யார் எடுத்தார்கள், எதுவும் தெரியவில்லை. புகார் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதும் தெரியாமல் தம்பி வெளியே வந்துவிட்டான். அன்றிலிருந்து எங்கள் தெருவில் யார் வெளிநாடு கிளம்பினாலும், பெட்டி கட்டும் இடத்தில் நானும் போய் உட்கார்ந்துவிடுகிறேன். அங்கே திரும்பத் திரும்பச் சொல்வதையெல்லாம் இங்கே எழுதியிருக்கிறேன்.

பூட்டலாமா என்றால், பூட்டுங்கள். ஆனால் எந்தப் பூட்டு, எந்த நாட்டுக்கு, உள்ளே என்ன வைத்துப் பூட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பூட்டு உதவுமா உபத்திரவமா என்பது.

முதலில்: பூட்டு எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

கவுண்டரில் கொடுத்த பெட்டி கன்வேயரில் போகிறது, ஸ்கேனுக்குள் நுழைகிறது, வண்டியில் ஏறுகிறது, விமானத்தின் வயிற்றில் அடுக்கப்படுகிறது, இறங்கும் ஊரில் இதே வழியில் திரும்ப வருகிறது. இடையில் விமானம் மாறினால் எல்லாம் இன்னொரு முறை. இத்தனை இடத்தில் இடிபடும்போது, நிறைத்து அமுக்கிய பெட்டியின் ஜிப் தானாகவே நழுவித் திறக்கும். பூட்டு செய்யும் மிகப் பெரிய வேலை இதைத் தடுப்பதுதான். இரண்டாவது வேலை, போகிற போக்கில் கைவிட்டுப் பார்க்கும் ஆளைத் தடுப்பது. அவனுக்கு இருப்பது சில நொடிகள். பூட்டாத பெட்டி பக்கத்தில் இருந்தால் பூட்டியதை விட்டுவிடுவான்.

தீர்மானித்துத் திருடுகிறவனை எந்தப் பூட்டும் நிறுத்தாது. துணிப் பெட்டியிலும் சாதாரண ஜிப் பெட்டியிலும் பால்பாயின்ட் பேனாவின் முனையை ஜிப் பற்களுக்கு நடுவே அழுத்தினால் ஜிப் பிளந்துகொள்ளும். வேண்டியதை எடுத்துவிட்டு, பூட்டு மாட்டியிருக்கும் ரன்னர்களையே (ஜிப்பை இழுக்கும் தலைகள்) ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டினால் ஜிப் பழையபடி மூடிக்கொள்ளும். பூட்டு பூட்டியபடியே இருக்கும். நீங்கள் வீட்டுக்குப் போய்த் திறக்கும்வரை எதுவும் தெரியாது.

இதற்கு ஒரு சின்ன மருந்து உண்டு. ரன்னர்கள் நகர முடியாதபடி, பூட்டின் வளையத்தைப் பெட்டியின் பக்கக் கைப்பிடியோடோ அங்கே தைத்திருக்கும் வளையத்தோடோ சேர்த்து மாட்டுங்கள். அப்போது ஜிப்பைப் பிளக்கலாம், மறுபடி மூட முடியாது. திறந்திருப்பது பெல்ட்டிலேயே கண்ணில் பட்டுவிடும். ஜிப்பே இல்லாமல் சட்டத்தில் கொக்கி போட்டு மூடும் கெட்டிப் பெட்டிகளில் இந்தத் தொல்லை கிடையாது. விலையும் எடையும் கூடுதல் என்பதால் எல்லோருக்கும் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது: போகிற நாட்டைப் பார்த்துப் பூட்டை முடிவு செய்யுங்கள்

வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா. லால்பேட்டை, பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோவில் பக்கத்துக்காரர்கள் அதிகம் போகும் வழி இது. சென்னையிலோ திருச்சியிலோ ஏறுவார்கள். நம் நிலையங்களில் ஸ்கேனில் சந்தேகம் வந்தால் பயணியைக் கூப்பிட்டு அவர் முன்னால் திறக்கச் சொல்வதுதான் வழக்கம். அதனால் எந்தப் பூட்டும் போடலாம், சாவியோ நம்பரோ பயணம் செய்கிறவரிடம் இருந்தால் போதும். கவுண்டரில் பெட்டி கொடுத்ததும் கடைகளைப் பார்க்கப் போய்விடாமல், உங்கள் பெயரை அழைக்கிறார்களா என்று கொஞ்ச நேரம் காது கொடுங்கள். அழைத்தும் போகவில்லை என்றால் பெட்டி இங்கேயே நின்றுவிடும்.

அமெரிக்கா. இங்கே கதையே வேறு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அதே ஆண்டு நவம்பரில் உருவான டிஎஸ்ஏ என்ற அமைப்புதான் அந்நாட்டு விமான நிலையங்களில் பெட்டிகளைச் சோதிக்கிறது. சந்தேகம் வந்தால் உங்களைக் கூப்பிடாமலே திறப்பார்கள். அவர்களிடம் இருக்கும் பொதுச் சாவிக்குப் பொருந்தும் பூட்டாக இருந்தால் திறந்து பார்த்துவிட்டு மூடுவார்கள். வேறு பூட்டு என்றால் வெட்டிவிடுவார்கள், அதற்கு நஷ்ட ஈடும் கிடையாது. சோதித்ததற்கு அடையாளமாக அச்சடித்த தாள் ஒன்றை உள்ளே வைத்துவிடுவார்கள். அதைப் பார்த்து யாரோ திருடிவிட்டார்கள் என்று பதற வேண்டாம்.

அங்கே உள்ளூர் விமானம் மாறுகிறவர்கள், முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் முடித்துவிட்டு மறுபடி ஒப்படைக்க வேண்டும். பிள்ளைகளைப் பார்க்கத் தனியாகப் போகும் அம்மா அப்பாக்களுக்கு இது தெரிவதில்லை. சுங்கத்தில் திறக்கச் சொன்னால் நம்பர் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மகனுக்கு மட்டும் தெரிந்திருந்தால் பயனில்லை.

பிரான்ஸ். புதுச்சேரியில் பாரிஸுக்குப் போய்வராத சொல்தா குடும்பம் (பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்களின் குடும்பம்) அபூர்வம். பலரும் நடுவில் ஒரு ஊரில் விமானம் மாறிப் போகிறார்கள். மாறும் ஊரில் பெட்டி உங்கள் கண்ணில் படாமலே ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும். அங்கே நேரம் நெருக்கமாக இருந்தால் பெட்டி பின்தங்கி, இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வரும். அந்த இரண்டு நாளும் அது ஏதோ ஒரு கிடங்கில் கிடக்கும் என்பதால் இந்த வழிக்குப் பூட்டைக் கட்டாயம் என்றே சொல்வேன்.

புதுச்சேரியிலிருந்தே ஏறுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. லாஸ்பேட்டை நிலையத்திலிருந்து 2024 டிசம்பரில் மறுபடி தொடங்கிய பெங்களூரு, ஹைதராபாத் சேவைக்கு வந்தது ஏடிஆர் என்ற சிறிய விமானம். அதில் தலைக்கு மேலுள்ள அறை சின்னது. கையோடு கொண்டுபோகும் டிராலியை விமானத்தின் அருகிலேயே வாங்கிக் கீழே வைத்துவிட நேரலாம். ஆகவே நகை, மருந்து, பாஸ்போர்ட், பவர் பேங்க் நான்கையும் டிராலிக்குள் ஒரு சிறு பையில் தனியாகப் போட்டு வையுங்கள். கேட்டவுடன் அந்தப் பையை மட்டும் உருவிக்கொண்டு, டிராலியைப் பூட்டிக் கொடுத்துவிடலாம்.

மூன்றாவது: பூட்டு வாங்குவது

மூன்று இலக்க நம்பர் பூட்டு, டிஎஸ்ஏ அடையாளம் போட்டது. இதையே எல்லோருக்கும் சொல்கிறேன். சாவியைத் தொலைக்கும் பிரச்சினை இல்லை, அமெரிக்கப் பயணத்துக்கும் ஆகும். உண்மையானதில் சிவப்புச் சாய்சதுரக் குறியோ, தீப்பந்தக் குறியோ இருக்கும். சில வகைகளில் பொதுச் சாவி போட்டுத் திறந்திருந்தால் நிறம் மாறிக் காட்டும் சின்ன ஜன்னலும் உண்டு; கொஞ்சம் விலை கூடினாலும் வாங்கத்தக்கது.

புதுச்சேரி நேரு வீதியில் பெட்டி வாங்கும்போது, "பூட்டில சாவி ஓட்டை இருக்கே, சாவி எங்க?" என்று கடைக்காரரிடம் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்டியோடு பதித்து வரும் டிஎஸ்ஏ நம்பர் பூட்டில் அந்த ஓட்டை அதிகாரிகளின் பொதுச் சாவிக்கானது. நமக்கு நம்பர் மட்டும்தான். கடைக்காரர் ஏமாற்றவில்லை.

அந்தப் பொதுச் சாவி பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 2014-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் அந்தச் சாவிகளின் புகைப்படம் வெளியாகிவிட்டது. 2015-ல் அதைப் பார்த்தே முப்பரிமாண அச்சில் சாவி செய்யும் வரைபடங்கள் இணையத்தில் வந்துவிட்டன. ஆகவே டிஎஸ்ஏ பூட்டு என்பது ஜிப்பை மூடி வைக்கும் தாழ்ப்பாள். அதை நம்பித் தங்கத்தை உள்ளே வைக்கக் கூடாது.

நம்பரை மாற்றுவது எளிது. புதுப் பூட்டு பெரும்பாலும் 000-ல் திறக்கும். திறந்த நிலையில் ஓரத்தில் இருக்கும் சின்னப் பொத்தானைப் பேனா முனையால் அழுத்தி, புது நம்பரைத் திருப்பி வைத்து, பொத்தானை விடுவிக்க வேண்டும். பூட்டுவதற்கு முன் நான்கைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள். பிறந்த வருடத்தின் கடைசி மூன்று எண் வேண்டாம். வீட்டில் இருவருக்கு நினைவில் நிற்கும் வேறு எண் வையுங்கள். பூட்டிய பிறகு சக்கரங்களைக் கலைத்துவிட மறக்காதீர்கள். பூட்டிவிட்டு அதே நம்பரில் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

பூட்டு வாங்க முடியவில்லை என்றால் பிளாஸ்டிக் கேபிள் டை. எலெக்ட்ரிக்கல் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். கறுப்பும் வெள்ளையும் எல்லோரிடமும் இருக்கும். சிவப்போ பச்சையோ வாங்கி, ரன்னர்களைச் சேர்த்து இறுக்கிவிடுங்கள். வெட்டியிருந்தாலோ வேறு நிறத்தில் மாற்றியிருந்தாலோ உடனே தெரியும். போய்ச் சேர்ந்ததும் வெட்ட ஒரு நகவெட்டியைப் பெட்டியின் வெளிப் பையில் போட்டு வையுங்கள்.

விமான நிலையத்தில் பிளாஸ்டிக் தாள் சுற்றித் தருகிறார்களே என்பார்கள். கீறலும் மழையும் படாது, யாரும் அவசரத்தில் கைவைக்க மாட்டார்கள், நல்லதுதான். சோதனைக்கு ஒருமுறை கிழித்துவிட்டால் திரும்பச் சுற்றித் தரமாட்டார்கள். எனவே தாளுக்கு உள்ளே பூட்டும் இருக்கட்டும். கயிறு போட்டுக் கட்டிய அட்டைப் பெட்டியும் உருண்டையான போர்வை மூட்டையும் கன்வேயரில் சிக்கும். துபாய் விமான நிலையம் 2017 மார்ச்சிலிருந்தே, தட்டையான பக்கம் ஒன்றுகூட இல்லாத மூட்டைகளை ஏற்பதில்லை. ஊருக்குத் திரும்பும்போது இதை நினைவில் வையுங்கள்.

நான்காவது: உள்ளே என்ன இருக்கக் கூடாது

பூட்டைவிட முக்கியமான படி இதுதான். பெட்டி நிறுத்தப்படுவதற்கும் பூட்டு உடைக்கப்படுவதற்கும் காரணம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் பொருள்தான்.

பவர் பேங்க், கூடுதலாக வைத்திருக்கும் லித்தியம் பேட்டரி, லைட்டர், தீப்பெட்டி எதுவும் சரக்கில் போகும் பெட்டிக்குள் கூடாது. பவர் பேங்கைக் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும், அதுவும் 100 வாட்-மணி வரை. 20,000 மில்லி ஆம்பியர்-மணி (mAh) என்று எழுதியிருப்பது 74 வாட்-மணிதான், பயமில்லை. அம்மா பாசமாகக் கட்டிக் கொடுக்கும் கொப்பரைத் தேங்காயும் கூடாது. அதில் எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் பொருட்களின் வரிசையில் வைத்திருக்கிறார்கள்.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் கசகசாவை மறந்தும் எடுக்காதீர்கள். குருமாவுக்கு அரைக்கும் நூறு கிராம் கசகசா அமீரகத்திலும் சவுதியிலும் போதைப்பொருள் வழக்கு. மசாலாப் பொடிக்குள் கலந்திருந்தாலும் ஆபத்து, ஆகவே வீட்டில் அரைத்த பொடியில் என்ன போட்டார்கள் என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். டிராமடால், கோடீன் கலந்த வலி மாத்திரைகளும் இருமல் மருந்தும் அங்கே கட்டுப்படுத்தப்பட்டவை.

இங்கேதான் என் மனதை உறுத்தும் இன்னொரு விஷயம். "அண்ணா, நம்ம பையன் அங்க இருக்கான், இந்த ஒரு டப்பாவை மட்டும் கொடுத்துடுங்க" என்று புறப்படும் ராத்திரி யாராவது வந்து நிற்பார்கள். மறுக்க மனம் வராது. பிறர் நம் பெட்டிக்குள் எதையாவது வைத்துவிடுவார்களோ என்று பயந்து பூட்டு வாங்குகிறோம். அதே பெட்டிக்குள் பிறர் தந்த பொட்டலத்தை நம் கையாலேயே வைத்துப் பூட்டுகிறோம். கொடுத்தவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் முன்னாலேயே பிரித்து, கொட்டிப் பார்த்து, திரும்பக் கட்டுங்கள். ஒட்டித் தைத்த பொட்டலம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உறவு கொஞ்சநாள் கோபித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

தங்கம், பணம், லேப்டாப், கேமரா, சான்றிதழ், வீட்டுச் சாவி, அன்றாட மருந்து எல்லாம் கைப்பையில். விமான நிறுவனங்களின் பயண நிபந்தனைகளே நகைக்கும் பணத்துக்கும் பொறுப்பில்லை என்று எழுதி வைத்திருக்கின்றன. கல்யாணத்துக்காக நகை எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவருகிறவர்கள், புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிட்டால், திரும்பி வரும்போது அதற்குத் தீர்வை கேட்கும் தகராறு வராது.

பண்ருட்டி முந்திரி, கருவாடு, ஊறுகாய் இவற்றைச் சுற்றிக் கட்டிப் பெட்டியின் மேல் பகுதியில் வையுங்கள். ஸ்கேனில் சந்தேகப்பட்டுத் திறந்தால் மேலேயே பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள், அடிவரை கலைக்க மாட்டார்கள்.

ஐந்தாவது: ஆதாரம்

2023 மார்ச்சில் பிரேசிலைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஜெர்மனியில் விமானம் இறங்கியதும் கைது செய்யப்பட்டார்கள். சாவ் பாலோ நிலையத்தில் அவர்கள் பெட்டிகளில் கவுண்டரில் ஒட்டிய அடையாள அட்டையைக் கழற்றி, கொக்கைன் நிறைந்த வேறு பெட்டிகளில் மாட்டியிருந்தார்கள் அங்கே வேலை செய்தவர்கள். ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்த பிறகு, கண்காணிப்புக் கேமராப் பதிவுதான் அவர்களை விடுவித்தது. இதில் எந்தப் பூட்டும் உதவியிருக்காது. என் பெட்டி இது, என் பெட்டியின் எடை இது என்று காட்டும் சான்றுதான் உதவும்.

ஆகவே பெட்டி கட்டும்போதே திறந்த நிலையில் இரண்டு படம், பூட்டிய பிறகு நாலு பக்கமும் படம். கவுண்டரில் தராசில் ஏற்றியதும் எண் தெரிய ஒரு படம். அட்டை ஒட்டியதும் பெட்டியும் அட்டையும் சேர்ந்து தெரிய இன்னொரு படம். அட்டையில் உள்ள பத்து இலக்க எண்ணும், உங்கள் கையில் தரும் சிறு ஸ்டிக்கரில் உள்ள எண்ணும், போய் இறங்கும் ஊரின் மூன்றெழுத்தும் சரியா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். முந்தைய பயணத்தின் பழைய அட்டைகளைக் கிழித்தெறியுங்கள். ஸ்கேனர் குழம்பி உங்கள் பெட்டி வேறு ஊருக்குப் போக அவையே போதும். பெட்டிக்கு உள்ளேயும் பெயர், போன் நம்பர் எழுதிய தாள் ஒன்று இருக்கட்டும்.

ஆறாவது: பெல்ட்டில் இறங்கியதும்

எடுத்த கையோடு வாசலுக்கு ஓடாதீர்கள். பூட்டு இருக்கிறதா, நம்பர் சக்கரம் நீங்கள் விட்ட இடத்தில் இருக்கிறதா, ரன்னர் நகர்ந்திருக்கிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். சென்னையில் இறங்கும்போது பெட்டியில் சாக்பீஸ் குறி இருந்தால், சுங்கத்தில் ஸ்கேனில் எதையோ கவனித்திருக்கிறார்கள், திறந்து காட்டச் சொல்வார்கள் என்று பொருள். குறியை அழிக்காதீர்கள்.

பூட்டு போயிருந்தால் அந்தக் கூடத்துக்குள்ளேயே பெட்டியைத் திறந்து சரிபாருங்கள். முடிந்தால் எடை போடச் சொல்லுங்கள். கவுண்டரில் 28 கிலோ இருந்தது இங்கே 26 என்றால் அதற்கு மேல் வாதமே வேண்டாம். பிறகு அந்த விமான நிறுவனத்தின் பெட்டிக் கவுண்டரில் பிஐஆர் என்ற புகார்ப் படிவத்தை எழுதி, எண்ணோடு நகல் வாங்குங்கள். "நீங்க போங்க, நாங்க போன் பண்றோம்" என்றால் நகல் கைக்கு வரும்வரை நகராதீர்கள். என் தம்பி தவறவிட்டது இதைத்தான். திருட்டு என்றால் நிலையத்தின் காவல் நிலையத்திலும் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். உடைந்த பூட்டையும் வெட்டிய கேபிள் டையையும் தூக்கிப் போட வேண்டாம்.

படிவம் கொடுத்ததோடு விடாமல், பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்ப வேண்டும். தாமதமாக வந்த பெட்டிக்கு, அது உங்களிடம் வந்ததிலிருந்து 21 நாள். மான்ட்ரியல் ஒப்பந்தம் என்ற சர்வதேச விமானப் பயண உடன்படிக்கைப்படி வெளிநாட்டுப் பயணத்தில் ஒரு பயணிக்குப் பெட்டிக்கான நஷ்ட ஈட்டின் உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). இந்திய மதிப்பில் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்க்கு மேல் வரும். உள்நாட்டுப் பயணத்தில் 20,000 ரூபாய். இவை உச்சவரம்புகள், அப்படியே தூக்கிக் கொடுக்கும் தொகை அல்ல. பில்லும் படமும் இருக்கும் அளவுக்குத்தான் கிடைக்கும். அதைவிட மதிப்புள்ள பொருளைச் சரக்கில் போட்டே ஆகவேண்டும் என்றால், கவுண்டரிலேயே மதிப்பை எழுதிக் கொடுத்துக் கூடுதல் கட்டணம் செலுத்தும் ஏற்பாடு ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

பதில் வரவில்லை என்றால் விமானப் பயணிகளின் புகார்களுக்கான மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் பதியுங்கள். அதுவும் நடக்கவில்லையா, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கடலூர்க்காரர் கடலூரில், புதுச்சேரிக்காரர் புதுச்சேரியில். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. விமானம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். பிஐஆர் நகல், அட்டையின் சிறு ஸ்டிக்கர், போர்டிங் பாஸ், தராசுப் படம், நீங்கள் எழுதிய புகாரின் நகல் ஆகிய ஐந்தையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.